பாப்பாவுக்கு ஓர் அட்டாலிக் கட்டில்

எங்கள் மகள் ரூமில் இப்போது சீலிங் ஃபேன் கிடையாது. வீட்டுக்கு வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு "ஏனுங், ஃபேன் ரிப்பேருங்களா?" என்று கேட்காமல் போவதில்லை. ரிப்பேர் எல்லாம் இல்லை. கட்டில் வேண்டுமா ஃபேன் வேண்டுமா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பூராவும் டேப்பைப் பிடித்துக்கொண்டு நின்று, சாயங்காலம் நாங்களேதான் கழற்றினோம்.

அவினாசியில் மாடி வீடு எங்களுடையது. பாப்பா ரூம் 10க்கு 10. கதவுக்கு மேலே 7 அடி உயரத்தில் சிமெண்ட் அட்டாலி, அது நிறைய என் கல்யாணத்துக்குக் கொடுத்த பித்தளைச் சாமான். ஒரு பீரோ, ஒரு கட்டில், ஒரு மேசை போட்டதும் ரூம் முடிந்துவிட்டது. பாப்பாவுக்கு 9 வயது, தம்பிக்கு 3. அவனும் இனி அதே ரூமில்தான் என்று ஆனதும், எங்கேயோ வீடியோவில் பார்த்துவிட்டு வந்து "மேல கட்டில், கீழ மேசை, அது மாதிரி வேணும்மா" என்று ஆரம்பித்தாள். இங்கிலீஷில் அதற்கு லாஃப்ட் பெட் என்று பேர். லாஃப்ட் என்றால் நம் ஊரில் அட்டாலிதானே, அதனால் எங்கள் வீட்டில் அது முதல் நாளிலிருந்தே அட்டாலிக் கட்டில்.

கடையில் விசாரித்தோம். பார்க்க அழகாகத்தான் இருந்தது, பிடித்து ஆட்டினால் மொத்தமும் கூடவே ஆடியது. விலையைக் கேட்டதும் வீட்டுக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய் நின்றுகொண்டார். சரி, நாமே செய்துவிடலாம் என்று நான்தான் சொன்னேன். திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில், துணி வெட்டுவதற்கு அட்டையில் பேட்டர்ன் போடுகிற வேலை எனக்கு. காலையில் போனால் ராத்திரி வரைக்கும் இஞ்சும் கால் இஞ்சும்தான் என் பிழைப்பு, ஒரு கட்டிலை அளக்க மாட்டேனா என்கிற திமிர். ஆனால் துணியில் கால் இஞ்ச் தப்பினால் தைக்கிற பொண்ணு கொஞ்சம் இழுத்துப் பிடித்துத் தைத்துவிடும். மரத்தை யார் இழுத்துப் பிடிப்பது?

முதலில் உயரம். தரையிலிருந்து கூரை 10 அடி. சாக்பீஸை எடுத்துச் சுவரில் 5 அடி 4 இஞ்சில் ஒரு கோடு போட்டேன், பலகை அங்கே. மெத்தை 4 இஞ்ச், ஆக அவள் படுப்பது 5 அடி 8 இஞ்சில். பாப்பா உயரம் 4 அடி 3 இஞ்ச். கூட்டிப் பாருங்கள், 9 அடி 11 இஞ்ச். மெத்தை மேல் எழுந்து நின்றால் கூரைக்கும் தலைக்கும் நடுவில் ஒரு இஞ்ச். காலையில் துள்ளி எழுகிற பிள்ளைக்கு அது ஆகாது. கோட்டை அழித்து 5 அடிக்கு இறக்கினேன். இப்போது நின்றால் மேலே 5 இஞ்ச் மிச்சம். ஆனால் கட்டில் சட்டம் 6 இஞ்ச் அகலம், அதனால் அதன் அடி விளிம்பு தரையிலிருந்து 4 அடி 6 இஞ்சில் வந்து நிற்கும். அவள் அடியில் நடந்து போகலாம், தலைக்கு மேல் 3 இஞ்ச் இருக்கிறது. நான் போனால் நெற்றியில் வாங்க வேண்டியதுதான், வாங்கியும் இருக்கிறேன். மேலே ஒரு இஞ்ச் கொடுத்தால் கீழே ஒரு இஞ்ச் போய்விடுகிறது, 10 அடி கூரையில் வேறு வழியே இல்லை.

அப்புறம்தான் ஃபேன். இதை எந்த வீடியோவும் எனக்குச் சொல்லித் தரவில்லை, வீடியோ எடுக்கிற அந்த வெளிநாட்டு வீடுகளில் படுக்கை ரூம் நடுவில் ஃபேன் தொங்குவது நம் ஊர் அளவுக்கு இல்லை போல. எங்கள் ஃபேன் சாதாரண 48 இஞ்ச், அதாவது நடுவிலிருந்து இறக்கை நுனிக்கு 2 அடி. 10 அடி ரூமின் நட்ட நடுவில் தொங்குவதால் சுவரிலிருந்து 5 அடி. ஆக இறக்கை நுனி சுவரிலிருந்து 3 அடியில் சுற்றுகிறது. கட்டிலோ, மெத்தை 3 அடி, சட்டமும் காலும் சேர்த்து 3 அடி 3 இஞ்ச். இறக்கை கட்டிலுக்கு உள்ளே 3 இஞ்ச் வருகிறது! உயரமோ, ராடு போக இறக்கை 8 அடி 10 இஞ்சில். பாப்பா உட்கார்ந்திருந்தால் தலை தட்டாது. தூக்கக் கலக்கத்தில் எழுந்து நின்று போர்வையை உதறினால்?

ஃபேனை நகர்த்தலாம் என்றார் வீட்டுக்காரர். கொக்கி, கூரை போடும்போதே கான்கிரீட்டில் வைத்துப் பூசியது. 36 இஞ்ச் சின்ன ஃபேன் மாட்டலாம் என்றார். கணக்குப் போட்டேன், இறக்கை நுனி கட்டில் விளிம்பிலிருந்து வெளியே 3 இஞ்ச் தள்ளிப் போகிறது, அவ்வளவுதான். கை நீட்டினால் எட்டும். ஒன்பது வயதுப் பிள்ளை கை நீட்டாமல் இருக்குமா? அன்று சாயங்காலமே ஃபேனை இறக்கிவிட்டு, எதிர்ச் சுவரில் 16 இஞ்ச் சுவர் ஃபேன் ஒன்று மாட்டினோம். நீங்கள் இந்த மாதிரி கட்டில் செய்யப் போகிறீர்கள் என்றால் மரக்கடைக்குப் போவதற்கு முன்னால் ஃபேனை அளந்துவிடுங்கள். மரம் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மரம் எங்களுக்கு மாமா தோட்டத்திலிருந்தே வந்தது. மாமாவுக்கு, அதாவது என் மாமனாருக்கு, பாப்பாவின் அப்பாருக்கு, ஊர் சத்தியமங்கலம் பக்கம், காட்டோரம். மூன்று வருசத்துக்கு முன்னால் ஆடிக் காற்றில் சாய்ந்த ஒரு வேப்பமரத்தை மில்லில் கொடுத்து அறுத்து, மாட்டுச்சாளையில் குச்சி குச்சியாக இடையில் கொடுத்து அடுக்கி வைத்திருந்தார். பலகை ஒரு இஞ்ச் கனத்துக்கு ஒரு வருசம் காய வேண்டும் என்பது அவர் கணக்கு. ஒரு இஞ்ச் பலகையெல்லாம் சுக்காகக் காய்ந்திருந்தது. கால் 3க்கு 3, கணக்குப்படி அதுவும் காய்ந்திருக்க வேண்டும், ஆனாலும் நாலில் ஒன்று லேசாக முறுக்கிக்கொண்டு நின்றது. ஆசாரி ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு அதன் நீளத்துக்கும் பார்த்துவிட்டு ஓரமாகப் போட்டார். மொத்தத்தில் எவ்வளவு மரம் பிடிக்கும் என்கிற கணக்கு சுலபம்: அகலம் இஞ்சில், கனம் இஞ்சில், நீளம் அடியில், மூன்றையும் பெருக்கி 144ஆல் வகுத்தால் கன அடி. கால், சட்டம், பலகை, தடுப்பு, ஏணி எல்லாம் சேர்த்து எனக்கு 5 கன அடிக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. சேதாரத்துக்கு ஒன்று சேர்த்து 6. சொந்த மரம் என்பதால் மில் கூலி, ஆசாரி கூலி, போல்ட், எண்ணெய், சுவர் ஃபேன் எல்லாமாக 14,000 ரூபாயில் முடிந்தது.

படத்தைக் காட்டியதும் மாமா சிரித்த சிரிப்பு இருக்கிறதே. "ஏங்கண்ணு, இதென்ன பன்னிக்காவலுக்குப் போடற பரணாட்டமிருக்குது?" அவர் வயசுக்காலத்தில் கடலைக்காட்டில் பரண் போட்டுக் காவல் படுத்தவர். காட்டுப்பன்னி இறங்கினால் ஒரே ராத்திரியில் காட்டையே உழுது போட்டுவிடுமாம். நாலு கவைக்கால் நட்டு, மூங்கிலைக் குறுக்கே பரப்பி, கயிற்றால் இறுக்கினால் ஒரு மத்தியானத்தில் பரண் தயார் என்றார். "ஆடாதுங்களா மாமா?" என்று கேட்டேன். "காலைத்தான் மண்ணுக்குள்ள ரெண்டடி நட்டிருக்கறமே, எங்க ஆடறது?" என்றார். டைல்ஸ் தரையில் நான் எதை நடுவது. இந்தப் பேச்சு பின்னால் எனக்குப் பாடமாக வந்து நின்றது.

ஆசாரி எங்களுக்குப் பழக்கமானவர், வீட்டுக் கதவெல்லாம் அவர் கை வேலைதான். காலில் துளை போட்டு, சட்டத்தின் நுனியைச் செதுக்கி உள்ளே இறக்கி, ஆப்பு அடித்தால் பேரப்பிள்ளைகள் வரைக்கும் நிற்கும் என்றார். நான் போல்ட் போடச் சொன்னேன். எங்கள் மாடிப்படி வெளிப்பக்கம், இரண்டரை அடி அகலம், நடுவில் ஒரு திருப்பம். முழுக் கட்டில் அதில் ஏறாது, ரூமுக்குள்ளேயே கோத்தால் பிற்பாடு இறங்கவும் இறங்காது. "போல்ட்டு போட்டா ஆடுமுங் அம்மிணி" என்றார். "நல்லா முறுக்கிடலாம்ங்ண்ணா" என்றேன். அவர் மேலே ஒன்றும் சொல்லவில்லை. அவர் பேசாமல் இருந்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

நாலு நாள் வேலை. கோத்து நிமிர்த்தி மூலைக்குத் தள்ளினோம், சுவரில் ஒட்டவில்லை. கால் அடியில் ஏதோ தடுக்கிறது. குனிந்து பார்த்தால் ஸ்கர்ட்டிங்! தரை ஓரத்தில் 4 இஞ்ச் உயரத்துக்கு ஒட்டியிருக்கிற அந்த டைல்ஸ், சுவரை விட்டு 3 நூல் (8 நூல் ஒரு இஞ்ச்) வெளியே நிற்கிறது. ரூமை மூன்று தடவை அளந்தவள் நான், மூன்று தடவையும் இடுப்பு உயரத்தில்தான் அளந்திருக்கிறேன். ஆசாரி சிரிக்காமல் காலைச் சாய்த்துப் போட்டு, அடியில் 3 நூல் ஆழத்துக்கு உளியால் செதுக்கினார். வேப்பமரம் உளிக்கு லேசில் விட்டுக்கொடுக்காது, சின்னச் சின்னச் சில்லாகத்தான் வரும். ஒவ்வொரு சில்லும் தரையில் விழ விழ எனக்குத்தான் மானம் போனது.

ஒட்டி வைத்தாயிற்று. பாப்பா ஏறினாள். "அம்மா, ஊஞ்சல்!" என்றாள் சந்தோசமாக.

ஆடியது. முன்னும் பின்னும் இல்லை, பக்கவாட்டில், அரை இஞ்ச் இருக்கும். போல்ட்டை எவ்வளவு முறுக்கினாலும் அதே அரை இஞ்ச். ஏன் என்று எனக்குப் புரிய ஒரு ராத்திரி ஆனது. 10 மி.மீ. போல்ட்டுக்கு 12 மி.மீ. துளை போட்டிருந்தோம், அந்த 2 மி.மீ. இடைவெளி சட்டத்தில் துளியூண்டுதான், ஆனால் 6 அடி 2 இஞ்ச் உயரக் காலின் நுனிக்குப் போகும்போது பெரிதாகிவிடுகிறது. அதோடு நாலு பக்கமும் சதுரம் சதுரமாகவே இருக்கிறது, சதுரத்தைத் தள்ளினால் சாய்ந்துகொள்ளும், எங்கேயாவது ஒரு முக்கோணம் இருந்தால்தான் நிற்கும். மாமாவின் பரணுக்கு மண் பிடிமானம், எனக்கு டைல்ஸ்.

மறுநாள் ஆசாரியைத் திரும்பக் கூப்பிட்டேன். "சொன்னனுங்களே" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. சட்டத்தின் நுனியை அரை இஞ்ச் காலுக்குள் இறங்கும்படி செதுக்கி, எடையை அந்த மரத்தோள் தாங்கும்படியும் போல்ட் வெறுமனே இழுத்துப் பிடிக்கும்படியும் மாற்றினார். அவர் வழியும் ஆனது, என் வழியும் ஆனது, கழற்றவும் முடியும். சுவர்ப்பக்கம் இரண்டு காலுக்கும் நடுவில் 12 மி.மீ. பிளைவுட் ஒன்றை அடித்தோம், அது முக்கோணத்தின் வேலையைச் செய்துவிட்டது. காலைச் சுவரோடு பிடிக்கப் போனால் ஹாலோ பிளாக் சுவர், ஆங்கர் போல்ட் உள்ளே போய்ச் சும்மா சுற்றுகிறது. நல்லவேளையாக மூலையில் கான்கிரீட் பில்லர் இருந்தது, மூலைக்காலை அதில் பிடித்தோம். 25 கிலோ அரிசிச் சிப்பம் நாலை மேலே ஏற்றி, வீட்டுக்காரர் ஒரு பக்கம் பிடித்துத் தள்ளினார். அசையவில்லை. கொஞ்சம் கிரீச் கிரீச் என்றது. பழைய சைக்கிள் டியூபைப் பட்டையாக வெட்டிப் பலகைக்கு அடியில் கொடுத்தார் ஆசாரி, அதுவும் நின்றது.

இனி என் தொழில் சங்கதி. குழந்தைகள் சட்டைக்குப் பேட்டர்ன் போடுகிறவர்களுக்குத் தெரியும், சின்னப் பிள்ளைகளின் ஹூடியில் கழுத்துக் கயிறு வைக்கக் கூடாது, ஆர்டர் கொடுக்கிற பையர் ஒத்துக்கொள்ளவே மாட்டார். எங்கேயாவது மாட்டிக் கழுத்தை இறுக்கிவிடும் என்பதால். அதே மாதிரி அமெரிக்காவில் இரட்டை அடுக்குக் கட்டிலுக்கும் சட்டமாகவே விதி இருக்கிறது. தடுப்பு, மெத்தையின் மேல்மட்டத்திலிருந்து 5 இஞ்சாவது உயர்ந்திருக்க வேண்டும். மேல் கட்டிலில், ஏறுகிற வழியைத் தவிர, இடைவெளி எதுவும் மூன்றரை இஞ்சைத் தாண்டக் கூடாது, ஏனென்றால் குழந்தையின் உடம்பு நழுவி வெளியே போய்விடும், தலை மட்டும் மாட்டிக்கொள்ளும். 6 வயதுக்குக் கீழே இருக்கிற பிள்ளையை மேல் கட்டிலில் படுக்க வைக்கக் கூடாது. எங்கள் கட்டிலை ஆடர் கொடுத்தவள் மகள் என்றாலும் விதி விதிதானே. கம்பெனியில் கழிந்த பேட்டர்ன் அட்டையில் மூன்றரை இஞ்சுக்குச் சதுரமாக ஒன்று வெட்டிக்கொண்டு வந்து, ஒவ்வோர் இடுக்கிலும் செருகிப் பார்த்தேன். எங்கேயும் போகவில்லை. படுக்கைப் பலகை முதலில் 11 என்று நினைத்திருந்தோம், 75 இஞ்ச் நீளத்துக்கு 3 இஞ்ச் பலகை 11 போட்டால் இடுக்கு 4 இஞ்சைத் தாண்டிவிடுகிறது. 13 ஆக்கினோம், சரியாக 3 இஞ்ச்.

அதே காரணத்துக்காகத்தான் கட்டில் தடுப்பில் துப்பட்டா, ஸ்கிப்பிங் கயிறு, சீரியல் லைட் எதையும் கட்ட விடுவதில்லை. இதில் எனக்கும் அவளுக்கும் இன்னும் சண்டை. அடியில் என் பழைய சேலையைச் சுற்றிக் கூடாரம் கட்ட வேண்டுமாம். கட்டக் கூடாது என்று சொன்னதற்கு ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை.

தம்பிதான் பெரிய தலைவலி. ஏணியைப் பார்த்தால் ஏறாமல் இருக்க முடியாத வயது. ஏணியைக் கொக்கி வைத்து மாட்டுகிற மாதிரி செய்து, பகலில் கழற்றிப் பீரோவுக்குப் பின்னால் வைத்துவிடுகிறோம். இரண்டாவது நாளே நாற்காலியில் ஏறி, மேசையில் ஏறி, சட்டத்தைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தான். இப்போது நாற்காலிக்கும் பகலில் அந்த ரூமில் இடமில்லை. ஏணிப்படியைப் பற்றி ஒன்று: உருண்டைக் கம்பு வைக்காதீர்கள், வெறுங்காலில் ராத்திரி ஒன்றுக்குப் போக இறங்கும்போது பாதம் வலிக்கும். 3 இஞ்ச் தட்டையான பலகை, விளிம்பை நன்றாக உப்புத்தாள் போட்டு மழுக்கியது, அதுதான் நல்லது. வார்னிஷ் வாடை வேண்டாம் என்று ஆளி விதை எண்ணெய் பூசினோம். அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக் கூடியது. விரித்துக் காயப் போட்டுவிட்டுத்தான் குப்பைக்கு.

மெத்தைக்கு எங்கள் அம்மா, பிள்ளைகளுக்கு அம்மிச்சி, இலவம்பஞ்சுதான் என்று நின்றார். பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர், சொந்த மரத்துப் பஞ்சு, பேத்திக்கென்று அடைத்து அனுப்பியது. அழகான மெத்தை. ஆனால் பலகையிலிருந்து தடுப்பு 13 இஞ்ச்தான், 4 இஞ்ச் மெத்தைக்குப் போட்ட கணக்கு. இலவம்பஞ்சு 7 இஞ்ச் இருந்தது, ஒரு நாள் வெயிலில் போட்டு எடுத்தால் உப்பி 8 ஆகிவிட்டது. மிச்சம் 5, விதியின் கடைசி விளிம்பு. அம்மிச்சி மெத்தை இப்போது கீழே தம்பிக்கு, மேலே 4 இஞ்ச் தேங்காய் நார் மெத்தை. அதுவும் பொள்ளாச்சிச் சரக்குதான் என்று அம்மாவைச் சமாதானப்படுத்தியிருக்கிறேன்.

ஒன்றை மட்டும் என்னால் சரி செய்ய முடியவில்லை, சூடு. ஜன்னல் 7 அடியோடு முடிகிறது, சூடான காற்று அதற்கு மேல் 3 அடியில் போய் அடைந்துகொள்கிறது. பழைய ஓட்டு வீட்டில் ஓட்டுச் சந்தெல்லாம் வழி, கான்கிரீட்டுக்கு அது இல்லை. பகலெல்லாம் குடித்த வெயிலைக் கூரை ராத்திரியில்தான் திருப்பிக் கொடுக்கும். ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது மேல் கட்டில் சொர்க்கம், போர்வை கேட்கும். சித்திரையில் மேலே கை வைத்தாலே தெரியும். மொட்டை மாடிக்கு வெள்ளைப் பெயிண்ட் அடித்தோம், கொஞ்சம் தேவலை. ஆனாலும் ஏப்ரல் பாதியிலிருந்து அவள் தலையணையை எடுத்துக்கொண்டு தம்பி பக்கத்தில் பாய்க்கு இறங்கிவிட்டாள்.

அப்புறம் லீவுக்கு அம்மிச்சி ஊருக்குப் போனாள். போய்ப் பத்து நாள்கூட ஆகவில்லை, வீட்டுக்காரர் ஒரு சூட்கேஸைத் தூக்கி மேலே வைத்தார். "சும்மாதானே கிடக்குது" என்றார். நான் ஒரு பை கம்பளியை வைத்தேன். அடுத்து இட்லிக் கொப்பரை, பிறகு பழைய மிக்சி. எங்கள் வீட்டில் இரண்டாவது அட்டாலி உருவாகிக்கொண்டிருப்பதை இரண்டு பேருமே பார்த்துக்கொண்டும் ஒன்றும் சொல்லிக்கொள்ளாமலும் இருந்தோம்.

ஜூனில் வந்தவள் வாசலில் பையைப் போட்டுவிட்டு நேராக ரூமுக்குப் போய், கத்தின கத்தில் கீழ்வீட்டு அக்கா மேலே வந்துவிட்டார். எல்லாவற்றையும் அப்பாதான் இறக்க வேண்டும், இப்பவே இறக்க வேண்டும். அவர் மிக்சியைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே வைப்பது என்று முழித்துக்கொண்டு நிற்கையில், இவள் மேசைப்பக்கம் போகக் கட்டிலுக்கு அடியில் நுழைந்தாள், டக் என்று ஒரு சத்தம். தலை இல்லை, உச்சியில் போட்டிருந்த கொண்டை. நிற்க வைத்து அளந்தேன், 4 அடி நாலரை இஞ்ச். சட்டத்துக்கும் தலைக்கும் இன்னும் ஒன்றரை இஞ்ச் இருக்கிறது. கம்பெனியில் ஃபோம் துண்டு கிடக்கும், சட்டத்தின் அடியில் ஒட்டிவிடலாம். எத்தனை நூல் கனம் கொடுப்பது என்றுதான் யோசனை, அந்தக் கனத்தையும் கழிக்க வேண்டுமே.